கலைந்துபோன பேண்டுகளின் பாட்டு

கோயமுத்தூர்ப் பக்கம் இன்ஜினியரிங் படித்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தெரிந்த இங்கிலீஷ் பாட்டு ஒன்று சொல்லுங்க என்றால் முக்கால்வாசிப் பேர் வாயில் முதலில் வருவது கனடாப் பாடகர் பிரையன் ஆடம்ஸின் ‘சம்மர் ஆஃப் 69’ஆகத்தான் இருக்கும். எங்கள் காலத்தில் கல்ச்சுரல்ஸில் எந்த பேண்ட் மேடை ஏறினாலும் கடைசிப் பாட்டு அதுதான். அதுவரை வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருந்த மெக்கானிக்கல் பசங்கள் மொத்தமாக எழுந்து, பாதி வரி தெரியாமலேயே தொண்டை கட்டுகிறவரை கத்துவார்கள்.

இத்தனைக்கும் இது ஹிட் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த பாட்டுகூட இல்லை. 1984 நவம்பர் 5, ஆடம்ஸின் 25-ஆவது பிறந்தநாள் அன்று ‘ரெக்லெஸ்’ ஆல்பம் வந்தது. கனடாவில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற ஆல்பம். அதிலிருந்து ஆறு பாட்டுகள் சிங்கிளாக, அதாவது தனித்தனி ரெக்கார்டாக வந்து ஆறுமே அமெரிக்காவில் முதல் பதினைந்து இடங்களுக்குள் நுழைந்தன. அதில் முதலிடம் பிடித்தது ‘ஹெவன்’. நம்ம பாட்டு 1985-இல் ஐந்தாம் இடம் வரை போனது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் முதல் நாற்பதுக்குள்கூட வரவில்லை.

எழுதியவர்களுக்கே இதன்மேல் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. ஆடம்ஸும் ஜிம் வாலன்ஸும் 1978-இல் வான்கூவரில் ஒரு இசைக்கருவிக் கடையில் தற்செயலாகச் சந்தித்து, அப்புறம் வருஷக்கணக்கில் சேர்ந்து பாட்டு எழுதியவர்கள். முதலில் இதற்கு ‘பெஸ்ட் டேஸ் ஆஃப் மை லைஃப்’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். சம்மர் ஆஃப் 69 என்பது உள்ளே எங்கோ ஒரே ஒரு இடத்தில் வந்துபோகும் வரி. பிறகுதான் அதைப் பல இடங்களில் சேர்த்துத் தலைப்பாகவும் ஆக்கினார்கள். திரும்பத் திரும்ப ரெக்கார்ட் செய்தும் திருப்தி வராமல், ஆல்பத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்ததாக வாலன்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. ஆடம்ஸ் பிறந்தது 1959. அந்த 69 கோடையில் அவருக்கு ஒன்பது வயசு! அப்பா வெளிநாட்டுத் தூதரக வேலையில் இருந்ததால் போர்ச்சுகல், ஆஸ்திரியா, இஸ்ரேல் என்று சுற்றி வளர்ந்த பையன். ஒன்பது வயசில் பேண்ட் எங்கே, காதலி எங்கே? வாலன்ஸ் 1952-இல் பிறந்தவர், அவருக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது. பாட்டின் வயசு அவருக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது. ஆடம்ஸோ அந்த எண் வருஷத்தையே குறிக்கவில்லை, அதில் வேறு குறும்பு இருக்கிறது என்று பேட்டிகளில் கண் சிமிட்டுவார். வாலன்ஸ் கேட்டால் வருஷம்தான் என்பார். நான் வாலன்ஸ் கட்சி. எங்கப்பாவிடம் ஒருமுறை பாட்டின் பெயரைச் சொன்னேன், “அறுபத்தொம்பதா? அது அண்ணா செத்த வருசமல்லொ” என்றார். அவருக்கு அந்த வருஷம் பிப்ரவரியோடு முடிந்துவிட்டது போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பாட்டு நம்ம ஊரில் இவ்வளவு காலம் நின்றதற்கு அதன் கதைதான் காரணம் என்பது என் கட்சி. உற்றுக் கேட்டால் இது ஜெயித்த பேண்டின் கதை கிடையாது. கிடார் வாங்குகிறார்கள், விரல் புண்ணாகும்வரை வாசிக்கிறார்கள், உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள், அப்புறம் ஒருத்தன் விலகிப் போகிறான், இன்னொருத்தனுக்குக் கல்யாணம் ஆகிறது, முடிந்தது. பாட்டில் கல்யாணம் ஆகிறவனுக்கு வைத்த ‘ஜோடி’ (Jody) என்ற பெயர்கூட ஆடம்ஸின் சவுண்ட் இன்ஜினியரின் பெயர். நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டவர்.

இதே கதையை அட்சரம் பிசகாமல் கொங்கு நாட்டில் எத்தனை பேண்டுக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். நாங்கள் பொள்ளாச்சிப் பக்கம் நண்பன் தோட்டத்துச் சாளையில் பிராக்டிஸ் செய்வோம். அவனுடைய ஆத்தா வாசலில் நின்று, “மாடு மிரளுதுங் கண்ணு, கொஞ்சம் மெதுவாத் தட்டச் சொல்லு” என்பார். படிப்பு முடிந்ததும் டிரம்மர் திருச்செங்கோட்டுக்குப் போய் மாமாவின் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கருக்குக் கிளம்பிவிட்டான். லீட் கிடார் நாமக்கல்லில் கோழிப்பண்ணை. பாடுகிறவனுக்கு வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள். நான் திருப்பூரில் பனியன் கம்பெனி கணக்கு எழுதப் போனேன். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே கலைந்துவிட்டோம். இப்போது திருப்பூர் காதர்பேட்டை பக்கம் போனால் ஏற்றுமதியில் மிஞ்சிய டி-ஷர்ட்டுகளில் உலகத்து ராக் பேண்ட் பெயரெல்லாம் தொங்குகிறது, நூறு இருநூறு ரூபாய்க்கு.

இன்னொரு காரணம் விரலுக்குத் தெரியும். கிடார் வாத்தியார் முதலில் சொல்லித்தரும் டி, ஏ என்ற இரண்டு கார்டை (chord, சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கும் பிடி) வைத்தே பாட்டின் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம். பிறகு ஜி வரும், அதுவும் சுலபம். பி மைனர் மட்டும் ஆட்காட்டி விரலை முழுசாகப் படுக்கவைத்துப் பிடிக்கவேண்டிய கார்டு, அங்கே பாதிப் பேர் கிடாரையே மூட்டை கட்டிவிடுவார்கள். அதைத் தாண்டியவன் மேடையில் ஒரு முழு இங்கிலீஷ் பாட்டு வாசித்தவனாகிவிடுவான். கேட்கிறவனைவிட வாசிக்கிறவன்தான் ஒரு பாட்டைத் தலைமுறை தாண்டிக் கொண்டுபோகிறான் என்று எனக்குத் தோன்றும். ‘ஹெவன்’ பாட்டைக் கேட்டு உருகியவர்கள் நிறைய. அதைக் கற்றுக்கொண்டு ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்த ஆளை நான் பார்த்ததில்லை.

ஆனால் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, எஃப், பி ஃபிளாட், சி என்று சுருதியே மாறி மேலே தூக்கும். நம்ம ஊர் பேண்டுகள் பலவும் அதை வெட்டிவிட்டு நேராகக் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடும். அது தப்புங்க! சும்மா பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தோம், எதுவும் நிலைக்காது என்கிற தவிப்பு அங்கேதான் வருகிறது, சுருதி மாறுவதே அதற்குத்தான். அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது வெறும் ஜாலிப் பாட்டு.

1997-இல் எம்டிவி அன்பிளக்ட் நிகழ்ச்சியில் இதையே அகூஸ்டிக் கிடாரோடு பாடியிருக்கிறார், நிதானமான ராத்திரிக்கு அது நன்றாக இருக்கும். 2022-இல் தன் பழைய பாட்டுகளைப் புதிதாக ரெக்கார்ட் செய்து ‘கிளாசிக்’ என்று வெளியிட்டபோது இதுவும் அதில் உண்டு. குரல் கெடவே இல்லை, ஆனாலும் எனக்கு அது ஒட்டவில்லை. பேட் ஸ்டீவர்டின் டிரம்ஸ், பாப் கிளியர்மவுண்டனின் மிக்ஸ், அந்த 1984 சத்தம்தான் வேண்டும். போனில் தேடும்போது பெயருக்குப் பக்கத்தில் ‘கிளாசிக் வெர்ஷன்’ என்று இருந்தால் அது புதுசு, அதை விட்டுவிட்டு ‘ரெக்லெஸ்’ ஆல்பத்துக்குள் போய் எடுத்துக் கேளுங்கள்.