மூடி போட்ட செம்பு

மும்பையில் ஒரு முதியோர் இல்லம். எங்கள் தொண்டு நிறுவனத்தின் சார்பில் சனிக்கிழமைதோறும் அங்கே போவேன். தமிழ் மட்டுமே தெரிந்தவர்களின் குறைகளைக் கேட்டு, அலுவலகத்தில் இந்தியில் எடுத்துச் சொல்வது என் வேலை.

இரண்டாம் மாடியில் தாராவியிலிருந்து வந்த திருநெல்வேலி ஆச்சி ஒருவர். ஒரு நாள் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி ஏழு மணிக்கு மேல மாவ்ஷி தண்ணி தர மாட்டேங்கா. குடிச்சா பாத்ரூம் போகக் கூப்பிடுவேனாம். யார்ட்டயும் சொல்லிராத, கேட்டியா" என்றார். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. மும்பையில் ஆயாக்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நேராகக் கீழே போய் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். ஆச்சியின் பெயரைச் சொல்லவில்லை என்று பெருமை வேறு. அந்த மாடியில் நான் உட்கார்ந்து பேசுவது ஒரே ஒரு கட்டிலில்தான். பெயர் எதற்கு?

அடுத்த வாரம் ஆச்சி முகம் கொடுக்கவில்லை. "எனக்கு ஒரு கொறையும் இல்ல." கிளம்பும்போது மட்டும், "நீ வீட்டுக்குப் போயிருவ. நான்தான இங்க கெடக்கணும்" என்றார்.

அமெரிக்காவில் இத்தகைய இல்லவாசிகளுக்காகப் பேச ஒவ்வொரு மாநிலத்திலும் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைகேட்பு அதிகாரி, இருக்க வேண்டும் என்று 1978-இல் சட்டமே வந்துவிட்டது. நீதிமன்ற உத்தரவு இருந்தாலொழிய, புகார் சொன்னவரின் சம்மதமில்லாமல் அவர் யாரென்று வெளியே விடக் கூடாது. அவ்வளவு தூரம் போவானேன்? நம்முடைய 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 5-ஆம் பிரிவும், ஜீவனாம்சம் கேட்டுத் தானே மனுப் போட முடியாதவருக்காக வேறொருவர் போடுவதென்றால் அவருடைய அனுமதி வேண்டும் என்கிறது. இதை எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன்!

ஆச்சி மறுபடி பேச ஒன்றரை மாதம் ஆயிற்று. "நான் என்ன செய்யட்டும், ஆச்சி?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"அவள மாத்திராத. பதினாறு பேர ஒருத்தி பாக்கா, பாவம். மூடி போட்ட செம்புல தண்ணி வச்சாப் போதும், நான் பாத்துக்கிடுதேன்."

நானோ மாவ்ஷியை வேலையை விட்டே அனுப்ப வேண்டும் என்று நினைத்திருந்தேன். கோடை வருகிறது, எல்லாக் கட்டிலருகிலும் தண்ணீர் இருக்கட்டும் என்று அலுவலகத்தில் கேட்டேன். சரி என்றார்கள்.

துபாயிலிருக்கும் மகன், "அம்மா என்ன சொல்றாங்க?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். மாதாமாதம் பணம் கட்டுவது அவர்தான். இருந்தாலும், "அவங்ககிட்டயே கேளுங்க" என்று போனை ஆச்சியிடம் கொடுத்துவிடுகிறேன்.

அடி, காயம் என்று வந்தால்? அதை யோசித்துத்தான் ஒரு நாள் முன்கூட்டியே சொன்னேன்: "யாராவது அடிச்சாங்கன்னா என்னால சும்மா இருக்க முடியாது, ஆச்சி."

"அப்ப அத ஒங்கிட்ட சொல்ல மாட்டேன்" என்று சிரித்தார்.