எச்.ஐ.வி. உள்ள தாயாக நான் தேடிய தகவலும் கிடைத்த துணையும்

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனையில்தான் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய ஊர் எங்களுடையது. மாமனார் காலத்தில் பால்மரம் நின்ற இடம். லயங்களை இடித்துவிட்டுத் தாமான் வீடுகள் கட்டிவிட்டார்கள்; ஆனாலும் யார் வீட்டில் யார் எப்போது கிளினிக் போனார்கள் என்பது மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் இந்த நோயைப் பற்றி யாரிடம் கேட்பது, எதை நம்புவது என்று தவிக்கும் பெண்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். என் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லவில்லை. என் மகள் இதே ஊரில்தான் பள்ளிக்குப் போக வேண்டும். இந்தக் கிருமி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதையும் எழுதப் போவதில்லை. அந்தக் கேள்வி யாரையும் குணப்படுத்தியதில்லை.

மலேசியாவில் 1998 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். இரத்தசோகை, இரத்தப் பிரிவு, சிபிலிஸ் என்று வரிசையாகப் பார்ப்பவற்றில் அதுவும் ஒன்று. முதல் சோதனையில் சந்தேகம் வந்ததும் என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். அந்த மிஸ்ஸி, அதாவது தாதி, மலாய்க்காரர். என் அம்மா வயது இருக்கும். கதவைச் சாத்திவிட்டு, "இது இன்னும் முடிவு இல்லை. மறுபடியும் இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்வார்கள். அதுவரை கைப்பேசியில் எதையும் தேடி மனத்தைக் கெடுத்துக்கொள்ளாதே" என்றார். தேடாமல் எப்படி இருப்பது? கணவர் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்கு லோரி ஓட்டிச் சென்றிருந்தார். வயிற்றில் பிள்ளை. இரவு முழுதும் தேடினேன்.

தமிழில் தேடினால் வந்து குவிவதில் பாதி பயமுறுத்தல். மண்டையோட்டுப் படம், எலும்பும் தோலுமான உடல், "உயிர்க்கொல்லி" என்ற தலைப்பு. எழுதிய ஆண்டு எங்கும் இல்லை. சிகிச்சை வருவதற்கு முன் எழுதியவற்றை இன்னும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அவற்றைப் படித்துவிட்டு ஒருத்தி விபரீத முடிவு எடுத்தால் யார் பொறுப்பு என்ற கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்னொரு பாதி மருந்து வியாபாரம். உறுதியான முடிவு வந்து வீட்டில் விஷயம் தெரிந்த பிறகு, என் சித்தி ஒரு குரல் பதிவை அனுப்பினார். ஒரு மண்டலம் சூரணம் சாப்பிட்டால் கிருமி அடியோடு போய்விடும், மருத்துவமனை மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், விலை பல நூறு ரிங்கிட். சித்திக்கு என் மேல் உள்ள அன்பில் குறை சொல்ல மாட்டேன். அந்த எண்ணுக்கு நானே அழைத்தேன். "சூரணம் சாப்பிட்ட பிறகு என் இரத்தத்தில் வைரஸ் அளவு எவ்வளவுக்கு இறங்கும்? எந்த ஆய்வுக்கூடத்தில் பார்க்கலாம்?" என்று கேட்டேன். "பரிசோதனை எல்லாம் வேண்டாம் அம்மா, நம்பிக்கைதான் முக்கியம்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்குச் சிகிச்சை கொடுத்த ஈப்போ மருத்துவமனை மருத்துவர் இதற்கு நேர்மாறு. மாத்திரை கொடுத்த அன்றே, அடுத்து எந்த அளவைப் பார்ப்போம், அது எவ்வளவுக்குக் குறைய வேண்டும், குறையாவிட்டால் என்ன செய்வோம் என்று எண்ணோடு சொன்னார். சொன்னது பலிக்கவில்லை என்றால் நாமே கண்டுபிடிக்கும்படி பேசுகிறவரைத்தான் நான் நம்புகிறேன். எச்.ஐ.வி.யை அடியோடு அகற்றும் மருந்து இன்று எந்தக் கடையிலும் இல்லை. இருக்கும் மாத்திரைகள் அது பெருகாமல் அடக்கி வைக்கின்றன. நிறுத்தினால் கிருமி மறுபடி கிளம்பும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே பணியாத கிருமியாக மாறக்கூடும்.

இந்தக் குப்பைகளுக்கு நடுவே நல்ல தமிழ் எழுத்தும் இருந்தது. பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான். 1986ஆம் ஆண்டு மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். மலேசியாவிலும் முதல் நோயாளி தெரியவந்தது அதே ஆண்டு. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகத் தமிழில் எழுதிப் பழகியதால், சி.டி.4 என்ற வெள்ளையணு என்ன செய்கிறது, கிருமி அதை எப்படிப் பிடிக்கிறது என்பதையெல்லாம் என் போன்றவளுக்கும் புரியும்படி விளக்கியிருந்தார்கள். தொடுவதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால், கொசுக் கடியால் பரவாது என்பதை அங்கே படித்த பிறகுதான் மூத்த மகனை மடியில் உட்காரவைத்துச் சோறு ஊட்ட மனம் துணிந்தது.

ஆனால் அங்கேதான் ஒரு பெரிய குழப்பமும் வந்தது. ஒரு தமிழ்க் கையேடு, எச்.ஐ.வி. உள்ள தாய் மருந்து சாப்பிட்டுக்கொண்டே முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம் என்றது. அரசாங்கம் வெளியிட்டது, ஆண்டும் போட்டிருந்தது, ஏமாற்று வேலையே இல்லை. எங்கள் கிளினிக் மிஸ்ஸியோ, தாய்ப்பால் கூடவே கூடாது, பால்மாவுதான் என்கிறார். இரண்டில் எது பொய்?

இரண்டும் பொய் இல்லை. இதை எனக்கு விளக்கியவர் ஈப்போ பெரிய மருத்துவமனையில் சந்தித்த ஓர் அக்கா. அவரும் இந்தக் கிருமியோடு பல ஆண்டுகளாக வாழ்பவர். புதிதாக வருபவர்களுக்குத் துணையாக இருக்கும் தன்னார்வலர். மருத்துவர் வேகமாக மலாயில் பேசியதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை என்று தாதி கவனித்து, தமிழ் பேசும் ஒருவர் இருக்கிறார், பார்க்கிறாயா என்று கேட்டார். தலையாட்டினேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "தங்கச்சி, அந்தக் கையேட்டை எந்த நாட்டுத் தாய்க்கு எழுதினார்கள் என்று பார்த்தாயா?" என்று கேட்டார். சுத்தமான தண்ணீரும் மாவு வாங்கப் பணமும் இல்லாத இடங்களில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்துபோகும். அங்கே தாய்ப்பாலும் மருந்துமாகச் சேர்ந்து போவதே பாதுகாப்பு. அதனால் உலக சுகாதார நிறுவனம் இதில் எந்த வழி என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டிருக்கிறது. மலேசியாவில் குழாய்த் தண்ணீர் வருகிறது, மாவு கிடைக்கிறது. ஆகவே தாய்ப்பாலின் வழியாக வரும் சிறிய ஆபத்தையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். எனக்குக் கிளினிக்கே பால்மாவை இலவசமாகத் தந்தது.

அன்றிலிருந்து எதைப் படித்தாலும் யார் எழுதியது, எப்போது எழுதியது என்பதோடு எந்த ஊருக்காக எழுதியது என்றும் பார்க்கிறேன். இந்தியாவின் இலவச உதவி எண்ணான 1097 எல்லாத் தமிழ்ப் பக்கங்களிலும் இருக்கும். பேராக்கில் இருப்பவளுக்கு அதனால் பயன் இல்லை. 2017இல் இந்தியாவில் வந்த எச்.ஐ.வி. பாதுகாப்புச் சட்டமும் நமக்குப் பொருந்தாது. கிருமியைப் பற்றித் தமிழ்நாட்டுத் தமிழில் படிக்கலாம். சிகிச்சை, சட்டம், உதவி பற்றி மலேசியச் சுகாதார அமைச்சின் தகவலையும் 1992இல் தொடங்கிய மலேசிய எய்ட்ஸ் மன்றத்தின் தகவலையும்தான் பார்க்க வேண்டும். அவை மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. புரியாத பகுதியைத் தாளில் எழுதிக்கொண்டு போய் அக்காவிடம் கேட்பேன். மன்றத்தோடு இணைந்த அமைப்புகள் பல மாநிலங்களில் வேலை செய்கின்றன என்பதும், மலேசிய எய்ட்ஸ் அறநிறுவனம் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென ஒரு நிதி வைத்திருக்கிறது என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

பெயர் வெளியே போய்விடுமோ என்ற பயம் நோயைவிடப் பெரிதாக இருந்தது. 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி மருத்துவர் இதைச் சுகாதாரத் துறைக்கு அறிவிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தகவல் தோட்ட மேனேஜருக்கோ மாமியாருக்கோ போவதற்கில்லை. சுகாதார அலுவலகத்திலிருந்து வந்தவர் என் கணவரும் மூத்த பிள்ளையும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் பேசினார். கணவர் முதலில் எங்கள் ஊர் கிளினிக்குக்கு வர மறுத்தார். பெயர் சொல்லாமலே பரிசோதிக்கும் வசதி அரசாங்கக் கிளினிக்குகளில் இருப்பதால் வேறு ஊரில் போய்ச் செய்துகொண்டார். அவருக்கும் இருந்தது, மகனுக்கு இல்லை. இப்போது இருவரும் ஒரே நேரத்தில் மாத்திரை சாப்பிடுகிறோம். ஓரிடத்தில் மட்டும், பதிவு முகப்பில் இருந்த ஒரு பணியாளர் என் கோப்பைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார். தலைமைத் தாதியிடம் அன்றே எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். அடுத்த முறை என்னை எண்ணால் மட்டுமே கூப்பிட்டார்கள். புகார் கொடுத்தால் மருந்து கிடைக்காமல் போகும் என்று பயப்படுகிறோம். அப்படி எதுவும் நடக்கவில்லை.

அன்று எனக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று எஃபாவிரென்ஸ். முதல் சில வாரங்கள் தலை சுற்றும், கனவுகள் நிஜம் போல வந்து எழுப்பிவிடும். இரவு படுக்கும்போது சாப்பிடச் சொன்னது அதனால்தான் என்று மருந்தாளர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பிரசவத்துக்கு முன் எடுத்த வைரஸ் அளவு, கருவியால் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. அதனால் அறுவை சிகிச்சை இல்லாமலே மகள் பிறந்தாள். எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் இந்தக் கிருமி தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மருந்து இருந்தால் 5க்கும் கீழே இறங்குகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்ற சான்றிதழை 2018 அக்டோபரில் மலேசியா பெற்றது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு நாம்தான். இது ஏன் நம் வானொலியிலும் கோயில் கூட்டங்களிலும் சொல்லப்படுவதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. என் பயத்தில் பாதியை அந்த ஒரு செய்தியே போக்கியிருக்கும்.

பிள்ளை பிறந்த பிறகு வந்த பெரிய சோதனை மருத்துவத்தில் இல்லை. "ஏன் பால் கொடுக்கவில்லை?" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்டார்கள். பத்தியச் சாப்பாடு கொண்டுவந்த பெரியம்மா, பூண்டு வதக்கிக் கொடுத்தால் பால் சுரக்கும் என்று வற்புறுத்தினார். அக்கா முன்கூட்டியே சொல்லிவைத்த பதில்தான் கைகொடுத்தது: "நான் ஒரு மருந்து சாப்பிடுகிறேன் பெரியம்மா, டாக்டர் பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்." அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கணவரும் அதையே சொன்னார். இருவரும் ஒரே பதிலைச் சொல்வது முக்கியம். சில இரவுகளில் மார்பு கட்டி வலியில் அழுதேன். அதற்கும் மிஸ்ஸியிடம் வெட்கப்படாமல் கேட்டு மாத்திரை வாங்கிக்கொண்டேன்.

குழந்தைக்குப் பிறந்த உடனே ஜிடோவுடின் என்ற மருந்து நீர் கொடுத்தார்கள். பிறகு குறித்த காலங்களில் கிருமியையே நேராகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை. இடையில் ஒரு உறவினர், தனியார் ஆய்வுக்கூடத்தில் சீக்கிரமே பார்த்துவிடலாம் என்று ஆசை காட்டினார். அவர் சொன்னது பெரியவர்களுக்குச் செய்யும் பரிசோதனை; கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப்பொருளைத்தான் அது தேடும். தாயின் எதிர்ப்புப்பொருள் பிள்ளையின் இரத்தத்தில் 18 மாதம் வரைகூடத் தங்கலாம். பிள்ளைக்கு நோயே இல்லாவிட்டாலும் அந்தப் பரிசோதனை இருப்பதாகக் காட்டிவிடும். இது தெரியாமல் எத்தனை தாய்மார்கள் நடுங்கியிருப்பார்களோ. மகளின் பி.சி.ஆர். முடிவுகள் அனைத்திலும் கிருமி இல்லை. 18 மாதத்தில் எடுத்த கடைசிப் பரிசோதனையிலும் இல்லை.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் எந்த அரசாங்கக் கிளினிக்கிலும் போய்ப் பரிசோதிக்கலாம். சொந்த ஊர் கிளினிக்தான் என்று கட்டாயம் இல்லை. தமிழ் பேசுபவர் இல்லாவிட்டால் முகப்பில், "சாயா நாக் புவாட் உஜியான் எச்.ஐ.வி., தான்பா நாமா" என்று சொன்னால் போதும், பெயர் சொல்லாமல் பரிசோதிக்க வேண்டும் என்று புரிந்துகொள்வார்கள். கிருமி தொற்றியிருக்கலாம் என்று பயப்படும் சம்பவம் நேற்றோ முந்தாநாளோ நடந்திருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் தடுக்கும் மருந்து உண்டு, 28 நாள் சாப்பிட வேண்டும். அதற்கு மேல் நாளாகியிருந்தால், இப்போது பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள். கர்ப்பமாக இருந்தால் முதல் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். மருந்து எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறதோ, பிரசவத்துக்குள் வைரஸ் குறைய அவ்வளவு நாள் கிடைக்கும்.