குன்னூரிலிருந்து செட்டிப்பாளையம்: முதல் எண்டூரன்ஸ் பந்தயத்திற்கு முன் நாங்கள் பட்ட பாடு

மருத்துவச் சான்றிதழ் வாங்கும்போது, கையெழுத்துக்குக் கீழே இடப்படும் முத்திரையில் மருத்துவரின் பதிவு எண் இருக்கிறதா என்பதைக் கவுன்டரை விட்டு நகருமுன் பார்த்துவிட வேண்டும். அந்த எண் இல்லாத ஒரு முத்திரையால் எங்கள் அணியின் முதல் பந்தயம் தொடங்காமலே முடிந்துபோகப் பார்த்தது.

அணி என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஓட்டுவதற்கு மூவர், அருவங்காட்டில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் நண்பர், அவ்வளவுதான். வண்டி, கார்புரேட்டர் வைத்த பழைய அப்பாச்சி 200 பைக். பந்தயம், கோவை செட்டிப்பாளையத்திலுள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேயில் மூன்று மணி நேரம். அணியின் பெயரைப் பதிந்ததும் கட்டணம் செலுத்தியதும் கைப்பேசியிலேயே முடிந்தன. பந்தய லைசென்ஸுக்கு வேண்டிய பயிற்சிப் பள்ளிச் சான்றிதழும் சிக்கலின்றிக் கிடைத்தது. ஆனால் மலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்தப் பயிற்சியில் ஒரு வெட்கம் காத்திருக்கிறது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியவர்கள் என்ற பெருமை அங்கே சிறிதும் உதவாது. எதிரே பேருந்து வரும் என்ற எண்ணத்தில் இடது ஓரத்தை ஒட்டியே வளைவுக்குள் நுழைவது நம் உடம்பில் ஊறிய பழக்கம்; எதிரே எவரும் வராத டிராக்கில் முழு அகலத்தையும் பயன்படுத்துங்கள் என்று பயிற்சியாளர் தொண்டை வறளக் கத்திய பிறகும் எங்கள் மூவரின் கையும் இடப்பக்கமே இழுத்தது.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். இந்திய மோட்டார் பந்தயக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் லைசென்ஸின் விண்ணப்பத்தோடு மருத்துவத் தகுதிச் சான்றும் இரத்த வகைச் சான்றும் வைக்க வேண்டும். நாங்கள் சென்ற மருத்துவமனையில் மருத்துவர் பொறுமையாகப் பரிசோதித்து, படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டார். முத்திரை இடுவது மட்டும் கவுன்டரில் இருந்த எழுத்தரின் வேலை. “ரேஸுக்கெல்லாம் சர்ட்டிபிகேட் குடுக்கறதில்ல தம்பி” என்று முதலில் மறுத்தவர், மருத்துவரின் கையெழுத்தைக் காட்டியதும் மருத்துவமனையின் வட்ட முத்திரையைக் குத்திக் கொடுத்தார். மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் கொண்ட முத்திரை வேறு, அது பீரோவுக்குள் இருந்தது என்பது விண்ணப்பம் திரும்பி வந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. மறுபடி போனபோது மருத்துவர் விடுப்பில் இருந்தார்; அவர் வந்தால்தான் பீரோவைத் திறக்க முடியும் என்றார் எழுத்தர்; மருத்துவர் வந்த நாளில் எழுத்தர் விடுப்பில் இருந்தார். இறுதியில் மருத்துவரையே நேரில் பிடித்து நிலைமையைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, புதிய படிவத்தில் கையெழுத்திட்டு, அதன் பக்கத்திலேயே பதிவு எண்ணைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார். அந்தச் சான்று மறுபேச்சின்றி ஏற்கப்பட்டது. முத்திரைக்காக நாங்கள் அலைந்ததெல்லாம் வீண். பேனாவால் எழுதிய எண்ணே போதும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒரு டிராக் பயிற்சி நாளை இழந்திருக்க மாட்டோம்.

இதைவிட அதிகமாக அலைக்கழித்தது கார்புரேட்டரின் மெயின் ஜெட்; காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவைத் தன் துளையால் தீர்மானிக்கும் சிறு பித்தளைத் திருகு அது. குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவை சுமார் 411 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கோவையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், கம்பெனி ஜெட்டோடு மேலே வரும் வண்டி பெட்ரோல் மிகுந்து திணறும். அதற்காகவே நம் ஊர் மெக்கானிக்குகள் சற்றுச் சிறிய ஜெட்டைப் போட்டுத் தருகிறார்கள். அதே வண்டியை அப்படியே கீழே இறக்கினால், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 விழுக்காடு என்ற கணக்கில் மலையில் இழந்திருந்த சக்தி திரும்பக் கிடைப்பது போலத் தோன்றும். ஆனால் காற்று கூடிய அளவுக்குப் பெட்ரோல் கூடாததால் கலவை மெலிந்து, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயம் வந்துவிடுகிறது. சாலையில் எவரும் நெடுநேரம் முழு ஆக்சிலரேட்டரில் போவதில்லை என்பதால் அங்கே இது வெளிப்படாது; மூன்று மணி நேரப் பந்தயத்தில் தப்பிக்க வழியில்லை. போதாக்குறைக்கு நாங்கள் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியிருந்தோம், பங்க்குகளில் இப்போது கிடைப்பதோ 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதுவும் கலவையை மெலியவே செய்யும். எனவே கம்பெனி அளவைவிடவும் பெரிய ஜெட் தேவைப்பட்டது.

கோவையிலுள்ள ஓர் உதிரிபாகக் கடைக்குக் கார்புரேட்டரின் படத்தையும் பழைய ஜெட்டின் படத்தையும் அனுப்பி, அடுத்தடுத்த மூன்று அளவுகளைக் கேட்டோம். “அதேதானுங்க, அனுப்பி விட்டர்றோமுங்க” என்று உறுதி சொல்லிப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். பார்சல் பேருந்தில் வந்தது. உறையின் மேல் எழுதியிருந்த எண்கள் நாங்கள் கேட்டவையே. உள்ளே இருந்தவையோ வேறு கம்பெனி கார்புரேட்டரின் ஜெட்கள். மரையே வேறு. ஒரு கம்பெனியின் எண்ணும் மற்றொரு கம்பெனியின் எண்ணும் ஒரே அளவைக் குறிப்பதில்லை என்பதால், மரை பொருந்தியிருந்தாலும் அவை பயன்பட்டிருக்க மாட்டா. கடைக்காரரை அழைத்தால், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லிலேயே அச்சிட்டிருப்பதைப் படித்துக் காட்டினார். பிறகு, சற்று அழுத்தித் திருகினால் உட்கார்ந்துகொள்ளும் என்று ஓர் ஆலோசனையும் தந்தார். அவருடைய ஆலோசனையைக் கேட்டு எவரும் அப்படிச் செய்துவிட வேண்டாம். பித்தளை ஜெட்டை வலிந்து திருகினால் கார்புரேட்டரின் அலுமினிய மரை வழித்துக்கொண்டு போய்விடும். பிறகு கார்புரேட்டரையே மாற்ற வேண்டியதுதான்.

எங்களைக் காப்பாற்றியவர் ஃபிட்டர் நண்பர். ஒர்க் ஷாப் டப்பாவில் கிடந்த பழைய சிறிய ஜெட்களை எடுத்துக்கொண்டு போய், விரலால் சுழற்றும் கைப்பிடியில் மிக மெல்லிய துளையூசிகளைப் பொருத்தி, 1.15, 1.20, 1.25 மில்லிமீட்டர் என்று மூன்று துளைகளை நிதானமாகப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். மின்துளைக் கருவியைத் தொடவே இல்லை. அடையாளத்துக்குத் தலையில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளி குத்தியிருந்தார். பயிற்சி நாளில் பெரிய ஜெட்டிலிருந்தே தொடங்கினோம்; கலவை மிகுந்தால் வண்டி திணறுவதோடு போய்விடும், மெலிந்தால்தான் எஞ்சினுக்குக் கேடு. நேர்ப்பாதையின் முடிவில் முழு ஆக்சிலரேட்டரில் இருக்கும்போதே கிளட்ச்சைப் பிடித்து, எஞ்சினை அணைத்து, பின்னால் வருபவர்களுக்குக் கையைத் தூக்கிக் காட்டியபடி ஓரமாக உருண்டு வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கலவை எப்படி எரிந்தது என்று அதன் நிறத்தில் பார்க்க வேண்டும். பிட் வரை மெதுவாக ஓட்டி வந்து கழற்றினால் பிளக் பொய் சொல்லும். மூன்று புள்ளி ஜெட்டில் பிளக் கரி படிந்து கறுப்பாக வந்தது. இரண்டு புள்ளியில் இளம்பழுப்பு, அதாவது கலவை சரி. ஒர்க் ஷாப் அண்ணன் அந்தப் பிளக்கை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்று முதல்முறையாக டீ வேண்டும் என்று கேட்டார். பணம் கொடுத்து வாங்கிய ஜெட்கள் இன்னும் உறையிலேயே இருக்கின்றன.

பிரேக் ஆயிலைப் பற்றியும் ஒரு சொல். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். ஆண்டில் பாதி நாள் மூடுபனியில் கிடக்கும் நம் வண்டிகளில் பழைய ஆயிலை நம்பி டிராக்கில் இறங்கக் கூடாது. டயர்க் காற்றையும் கீழே போய் மறுபடி அளக்க வேண்டும். கீழே வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் மீட்டர் குறைத்துக் காட்டும், வெயில் அதைக் கூட்டிக் காட்டும்.

வண்டியைக் கீழே கொண்டுபோவதில் வந்த தொல்லையை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. கண்ணாடி, இண்டிகேட்டர், ஸ்டாண்ட் எல்லாவற்றையும் கழற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. உள்ளூர் பிக்கப்கள் பச்சைத் தேயிலை ஏற்றுவதில் மும்முரமாக இருந்ததால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஒன்றை வரச் சொன்னோம். கோடை சீசன் அது. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற நுழைவுச் சீட்டு கட்டாயம். 2025 கோடையிலோ வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 வாகனங்கள் என்று வரம்பும் வந்துவிட்டது. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டியிலேயே வாழ்நாளைக் கழிக்கும் நமக்கு இந்த இ-பாஸ் என்பது சுற்றுலாப் பயணிகளின் கவலையாகவே இருந்துவந்தது. சரக்கு வண்டிக்கு எதுவும் வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்லியிருந்த ஓட்டுநர், காலி வண்டியோடு கல்லாறு சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டார். சரக்கு எங்கே என்று கேட்டார்கள். சரக்கு மேலே இருக்கிறது, அதை எடுக்கத்தான் போகிறேன் என்று அவர் சொன்னதை எவரும் ஏற்கவில்லை. அவர் திரும்பிப் போய்விட்டார். முன்பணமும் அவரோடு போயிற்று. எங்களுக்குத் தெரிந்த காய்கறி வியாபாரி ஒருவர், கேரட் மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் புறப்பட்ட தம் வண்டியில் பின்புறம் இடம் ஒதுக்கித் தந்தார். மூட்டைகளுக்கு நடுவே நிறுத்திக் கயிற்றால் கட்டிய பந்தய வண்டி கோத்தகிரி வழியாக இறங்கியது. வெளியூர் வாகனம் அமர்த்துவோர், ஓட்டுநரின் வாய்ச்சொல்லை நம்பாமல், வாகன எண்ணை வாங்கித் தாங்களே இ-பாஸ் எடுத்து அனுப்பிவிடுவது நல்லது.

பெட்ரோலுக்கும் தாள் தேவைப்பட்டது. 2.1 கிலோமீட்டர் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் முடித்தால் மணிக்கு 40 சுற்று, 84 கிலோமீட்டர்; மூன்று மணி நேரத்துக்கு 252. பந்தய வேகத்தில் எங்கள் வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் தராது என்பதால் 12 லிட்டர் டேங்க் கடைசிச் சுற்றுகளுக்கு எட்டாது. மணிக்கு ஒருமுறை ஓட்டுநர் மாறும்போதே பெட்ரோல் ஊற்றுவது என்று திட்டமிட்டோம். ஆனால் இரும்புக் கேனோடு போயும் பங்க்கில் ஊற்ற மறுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் கேனில் தரக் கூடாது என்பது புரிகிறது. இரும்புக் கேனுக்கும் அதே பதில்தான். பந்தய ஏற்பாட்டாளர்களிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிக் காட்டிய பிறகே கிடைத்தது. அந்தக் கடிதத்தை அணியின் பெயரோடு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் உடனே தருகிறார்கள்.

பந்தயத்துக்கு முன் சோதனை அதிகாரி வண்டியை முழங்காலிட்டுப் பார்த்தார். எஞ்சின் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் தலையில் துளையிட்டு, போல்ட் இறுகும் திசையில் இழுபடும்படி கம்பி முறுக்கிக் கட்டியிருந்ததையும், எஞ்சினுக்கு அடியில் ஆயில் சிந்தினால் தாங்க அண்ணன் அலுமினியத் தகட்டில் அடித்துப் பொருத்தியிருந்த தட்டையும் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். தடையாக வந்தது ஹெல்மெட். மூன்றாவது ஓட்டுநரின் ஹெல்மெட் பட்டையில் இரட்டை வளையம் இல்லை, பல்சக்கரப் பூட்டு இருந்தது. ரேஸுக்கு இதுவே போதும் என்று கடையில் சத்தியம் செய்து விற்ற பொருள் அது. பக்கத்துப் பிட்டில் இருந்த பாலக்காட்டு அணியினர் தங்களிடம் கூடுதலாக இருந்ததைக் கேட்டவுடன் கொடுத்தார்கள், அளவும் பொருந்தியது. சோதனையில் தேறியதற்கான ஸ்டிக்கர் டேங்கின் மேல் ஒட்டப்பட்டது.

பந்தயத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. முடிவுக் கொடி விழுந்தபோது எங்கள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இடம், கடைசிக்கு முந்தையது. ஊர் திரும்பியதும் அண்ணன் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். பிஸ்டனில் கீறல் இல்லை. மலைக்கு உரிய ஜெட்டை மறுபடி பொருத்திவிட்டு, இரண்டு புள்ளி ஜெட்டை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு ஒர்க் ஷாப் அலமாரியில் வைத்திருக்கிறார். முன்பணத்தைக் கேட்டு அந்தப் பிக்கப் ஓட்டுநரை இன்னும் அழைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.