கேட்காமல் வந்த வரவு

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிகளுக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. சீசன் நேரத்தில் பெயர் தெரியாத வரவு வங்கியில் வந்து விழுவது சகஜம். சித்தூர்ப் பக்கத்து வியாபாரி தன் மைத்துனரின் செல்போனிலிருந்து பணம் போடுவார். எந்த லோடுக்கு என்று சொல்ல மறந்துவிடுவார். அப்படி வந்ததைச் சஸ்பென்ஸ் கணக்கில் எழுதி வைப்போம். ஆள் தெரியும்வரை அதை விற்பனையில் சேர்க்கக் கூடாது, எடுத்துச் செலவும் செய்யக் கூடாது. “வந்த பணம்தானே, லாரி வாடகைக்குக் கொடுங்களேன்” என்று முதலாளிகள் கேட்பார்கள். நான் அசைந்து கொடுப்பதில்லை. செலவைத் துருவித் துருவிப் பார்க்கிறவர்கள் வரவு என்றால் கண்ணை மூடிக்கொள்வதை இந்தத் தொழிலில் நிறையப் பார்த்துவிட்டேன்.

அக்கா மகனின் வரிக்கணக்கை எடுத்தபோது அங்கேயும் அதே வியாதி இருந்தது. காவேரிப்பட்டணத்தில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு இணையப் பக்கங்கள் வடிவமைத்துத் தருகிறான். கூலி ‘யுஎஸ்டிடி’யாக வருகிறது, ஒன்றுக்கு ஒரு டாலர் என்ற மதிப்பிலேயே நிற்கும்படி அமைத்த கிரிப்டோ அது. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்காது. வங்கி வழியாக வாங்கினால் கையில் ஒழுங்கான காகிதம் இருக்குமே என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். அவனுக்குச் சீக்கிரம் வந்தால் போதும்.

அவனது வாலட்டின், அதாவது கிரிப்டோவைக் கையாளும் செயலியின், பரிவர்த்தனைப் பட்டியலை அச்செடுத்து வந்திருந்தான். கூடவே ஒரு பொட்டலம் நிப்பட்டு. ஊர்ப் பண்டத்தைக் கொடுத்தால் மாமா கட்டணம் கேட்க மாட்டார் என்ற கணக்கு. ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்குவது என் பழக்கம். கூலி வந்த வரி, அதை ரூபாயாக்க எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிய வரி, மறுபடி கூலி. நடுநடுவே 0.00001, 0.0001 என்று பொடி வரவுகள். ஓரிடத்தில் செலவுப் பக்கம் ஒரு வரி: 0 யுஎஸ்டிடி.

“மாப்பிள்ளை, பூஜ்யத்தை யாருக்குடா அனுப்பினாய்?”

அவன் முகம் வெளுத்துவிட்டது. “மாமா, நான் அனுப்பவே இல்லை. எவனாவது வாலட்டுக்குள் புகுந்துவிட்டானா?”

யாரும் புகவில்லை. யுஎஸ்டிடி போன்ற காசுகள் ஓடுவது ஒரு சிறிய நிரலின் விதிப்படி. உன் கணக்கிலிருந்து வேறொருவன் காசை நகர்த்த வேண்டுமானால் இவ்வளவு வரை எடுக்கலாம் என்று நீ முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்க வேண்டும். முன்பின் தெரியாதவனுக்கு உன் அனுமதி பூஜ்யம். அவனும் பூஜ்யம்தான் கேட்கிறான். பூஜ்யம் பூஜ்யத்தைத் தாண்டவில்லை, ஆகவே நிரல் ‘சரி’ என்று விட்டுவிடுகிறது. உன் ரகசியச் சாவி தேவையில்லை, பரிவர்த்தனைக் கட்டணத்தையும் அவனே கட்டுகிறான். முடிவில் பிளாக்செயினில், அதாவது கிரிப்டோவின் பொதுப் பேரேட்டில், உன் பெயரிலிருந்து அவனுக்கு 0 போனதாக அழியாத ஒரு வரி ஏறிவிடுகிறது. அடுத்தவன் பேரேட்டில் தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் போக நம் தொழிலில் யாரையாவது விடுவோமா?

காசு போகவில்லை என்றதும் அவனுக்கு உயிர் வந்தது. எனக்கு விஷயம் அங்கேதான் தொடங்கியது. ஒன்றும் கிடைக்காத வேலைக்கு ஒருவன் கைக்காசு போட்டுக் கட்டணம் கட்ட மாட்டான். அந்த வரியில் இருந்த முகவரியை (வங்கிக் கணக்கு எண் மாதிரி அது) ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதச் சொன்னேன். அதற்கு நேர் கீழே, அவன் மாதாமாதம் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் முகவரியையும் எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவன் பேனாவை நிறுத்திவிட்டான். தொடக்கத்து நான்கு எழுத்தும் அச்சு அசலாக ஒன்று. கடைசி நான்கும் ஒன்று. நடுவிலிருந்த 32 எழுத்துகள் முற்றிலும் வேறு. வாலட்டின் திரையோ தலையையும் வாலையும் மட்டும் காட்டிவிட்டு நடுவில் மூன்று புள்ளி வைத்துவிடுகிறது.

இப்படி ஒரு முகவரி தற்செயலாக அமையாது. அவன் பயன்படுத்தும் பிஎன்பி செயின், அதைப் போன்ற இன்னொரு பிளாக்செயினான எத்தீரியம், இரண்டிலும் முகவரி ஒரே அமைப்பு: ‘0x’ என்ற முன்னொட்டுப் போக 40 இடங்கள், ஒவ்வொன்றிலும் 16 குறிகளில் ஒன்று. எட்டு இடங்கள் பொருந்த வேண்டுமானால் சராசரியாக ஏறக்குறைய 429 கோடி முகவரிகளை உருவாக்கிப் பார்க்க வேண்டும். நமக்கு அது மலைப்பு. நல்ல கிராபிக்ஸ் அட்டை பூட்டிய கணினிக்கு அது ஒரு வேலையே அல்ல. பிளாக்செயின் ஊருக்கே திறந்து வைத்த ஏடு; யார் யாருக்கு அடிக்கடி பணம் போடுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. இவன் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிய சற்று நேரத்திலேயே போலி வரி வந்து அதன் தலைமேல் உட்கார்ந்திருந்தது. அடுத்த மாதம் அவசரத்தில் பட்டியலின் மேல் வரியிலிருந்து முகவரியை நகலெடுப்பான் என்ற நம்பிக்கை. பொடி வரவுகளும் இதே ரகம்தான். அவை போலி முகவரியிலிருந்து ‘வந்த’ பணமாகப் பட்டியலில் இடம்பிடிக்கின்றன.

இதற்கு முகவரி நஞ்சூட்டல் என்று பெயர். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எத்தீரியத்திலும் பிஎன்பி செயினிலும் 2022 ஜூலை முதல் 2024 ஜூன் வரை நடந்ததை எண்ணிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 27 கோடி முயற்சிகள். குறிவைக்கப்பட்ட முகவரிகள் ஏறத்தாழ 1.7 கோடி. முயற்சிகளில் பலித்தவை 6,633. இழப்பு குறைந்தது 8.38 கோடி டாலர். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன்: நாற்பதாயிரம் முறை தூவினால் ஒன்று முளைக்கிறது. கட்டணம் சல்லிக்காசாக இருக்கும் இடத்தில் இந்த வியாபாரம் கட்டுப்படியாகும். மாங்கூழ் ஏற்றுமதியில் இந்தக் காலத்தில் இப்படி லாபம் கிடையாது.

“நான் எப்போதும் முதலில் கொஞ்சம் அனுப்பிச் சோதித்துவிட்டுத்தான் பெருந்தொகை அனுப்புவேன் மாமா” என்றான். 2024 மே மாதத்தில் ஒருவர் அதைத்தான் செய்தார். சோதனைக்குச் சிறு தொகையைச் சரியான முகவரிக்கே அனுப்பினார், போய்ச் சேர்ந்தது. அந்தச் சோதனையைப் பார்த்துத்தான் போலி முகவரி அவரது பட்டியலுக்குள் நுழைந்தது. பிறகு 1,155 பிட்காயின்களுக்கு ஈடான டோக்கன் என்ற கிரிப்டோ காசை, அன்றைய மதிப்பில் சுமார் 6.8 கோடி டாலரை, அவர் போலிக்கு அனுப்பிவிட்டார். ஊர் உலகமே பார்க்கத் துரத்தியதில் எடுத்தவன் சில நாட்களில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தான். காவேரிப்பட்டணத்துப் பையன் ஒரு மாதக் கூலியைத் தொலைத்தால் துரத்த யார் வருவார்கள்? சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கலாம், புகார் பதிவாகும். ஆனால் பிளாக்செயினில் போன பணத்தை எந்த வங்கி மேலாளராலும் நிறுத்தி வைக்க முடியாது.

பொடிக் காசு தூவுகிற வேலை இதற்கு முன்பே பிட்காயினில் இருந்தது. நோக்கம் மட்டும் வேறு. ஒரு பிட்காயின் என்பது பத்துக் கோடி சடோஷி. பழைய வகை முகவரிக்கு 546 சடோஷிக்குக் குறைவாக அனுப்பினால் பிட்காயின் மென்பொருள் அதைத் தூசி என்று ஒதுக்கிவிடும். ஆகவே தூவுகிறவர்கள் சரியாக 546 அனுப்புவார்கள். 2019 ஆகஸ்டில் பிட்காயினைப் போன்ற லைட்காயினின் வாலட்டுகள் பலவற்றில் இப்படித் தூவினார்கள். இதில் திருட்டு எதுவும் இல்லை. பொதுவாக ஆளை அடையாளம் காண்பதுதான் நோக்கம். பிட்காயின் வாலட்டில் இருப்பு ஒரே தொகையாக இருப்பதில்லை, வந்த காசுகள் தனித்தனியாகவே கிடக்கும். பெரிய தொகை அனுப்பும்போது வாலட் பலவற்றைச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையில் செலுத்தும். பாலக்கோடு தக்காளிச் சந்தையில், மண்டிக்காரர் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பெட்டிகளை வெவ்வேறு கொட்டகைகளில் ஒவ்வொன்றாக நழுவவிட்டு, அவை பின்னால் எந்த லாரியில் ஒன்றாக ஏறுகின்றன என்று பார்த்தால், அந்தக் கொட்டகைகள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்பது வெளிச்சமாகிவிடும் அல்லவா? அதே வேலைதான். ஒரு பரிவர்த்தனையில் சேர்ந்து செலவாகும் காசுகள் ஒரே உரிமையாளருடையவை என்று வெளிப்பட்டுவிடும் என்பதை, 2008-ல் பிட்காயினை அறிவித்த கட்டுரையே ஒப்புக்கொண்டிருக்கிறது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தபின் மிரட்டல் கடிதமோ போலி மின்னஞ்சலோ வர அதிக நேரம் ஆகாது. செலவு செய்யாமல் அந்தத் தூசியை அப்படியே கிடக்க விட்டால் தூவியவனுக்கு அதனால் ஒரு பயனும் கிடைக்காது. குறிப்பிட்ட காசைப் பூட்டி வைக்கும் வசதி பல பிட்காயின் வாலட்டுகளில் இருக்கிறது.

வந்ததை வேண்டாம் என்று திருப்பியடிக்கவும் இந்த அமைப்பில் வழி கிடையாது. இதை யாரோ ஒருவர் 2022 ஆகஸ்டில் கேலியாகவே நிரூபித்தார். பலருடைய காசைக் கலந்து எது யாருடையது என்று தெரியாமல் செய்யும் டொர்னாடோ கேஷ் என்ற கலவைச் சேவைக்கு அமெரிக்க நிதித்துறை தடை விதித்ததும், அதிலிருந்து 0.1 ஈதர் (எத்தீரியத்தின் காசு) வீதம் பிரபலங்களின் வாலட்டுகளுக்குப் பறந்தது. தொலைக்காட்சி நட்சத்திரம் ஜிம்மி ஃபாலனின் வாலட்டும் அதில் உண்டு. கேட்காமலேயே எல்லாரும் தடையை மீறியவர்களாகிவிட்டார்கள். விதி எழுத்தின்படி உங்களுக்கும் பொருந்தும், ஆனால் இப்படித் தூவப்பட்டவர்கள்மீது நடவடிக்கை எடுப்பதற்கு முன்னுரிமை தர மாட்டோம் என்று அடுத்த மாதம் நிதித்துறை விளக்கம் சொன்னது. அதிகாரிகளின் இந்த மாதிரிப் பதிலை நான் ரசித்துப் படிப்பேன். தவறு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, கோப்பு மூடப்பட்டது.

இனி வருமான வரி. மாப்பிள்ளையின் கவலை இதில்தான் அதிகம்: இந்தப் பொடி வரவையெல்லாம் வருமானமாகக் காட்ட வேண்டுமா? இலவசமாக வரும் கிரிப்டோ, அன்பளிப்பு விதிக்குள் வருவது உண்மை. ஆனால் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் வந்தது மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் அந்த வரி. இவனுக்கு வந்த பொடிகளை எல்லாம் கூட்டினால் ஒரு டீக்குத் தேறாது. கூலியாக வந்தது தொழில் வருமானம், அது வேறு கணக்கு. கிரிப்டோவை விற்றதில் லாபம் இருந்தால் 30 சதவீதம், ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2022 முதல் இதுதான் சட்டம். விற்கும்போதே 1 சதவீதம் பிடித்தமும் உண்டு.

அவனது நண்பன் ஒருவனுக்கு, பர்கூர்க்காரன், இன்னொரு ரகம் வந்திருக்கிறது. வாலட்டில் கேள்விப்படாத டோக்கன், மதிப்பு 2,000 டாலருக்கு மேல் என்று காட்டுகிறது, டோக்கனின் பெயரே ஓர் இணையதள முகவரி. அங்கே போய் ‘பெற்றுக்கொள்’ என்ற பொத்தானை அழுத்தி வாலட்டில் ஒப்புதல் கொடுத்தால், கொடுக்கிற அனுமதி அவன் உண்மையான யுஎஸ்டிடியை எடுத்துக்கொள்ளும் அனுமதியாக இருக்கும். பூஜ்யத்துக்கு மேல் ஏற முடியாதவன், நம் கையாலேயே வரம்பை ஏற்றிக்கொள்கிறான். அந்த டோக்கனை விற்கவும் வேண்டாம், வேறெங்கும் தள்ளிவிடவும் வேண்டாம், திரையிலிருந்து மறைத்து வைத்தால் போதும் என்று மாப்பிள்ளை மூலம் சொல்லி அனுப்பினேன். 2,000 டாலரை மறைத்து வைக்கச் சொல்கிறாரே, உங்கள் மாமாவுக்கு என்ன தெரியும் என்று கேட்டானாம்.

எங்கள் பக்கம் வேலை சுலபமாக முடிந்தது. எக்ஸ்சேஞ்ச் முகவரியை எக்ஸ்சேஞ்சின் பக்கத்திலிருந்தே எடுத்து, வாலட்டின் முகவரிப் புத்தகத்தில் பெயரிட்டுச் சேமித்தான். பட்டியலிலிருந்து நகலெடுப்பது அன்றோடு நின்றது. அனுப்புமுன் நடுவிலிருந்து ஓர் ஆறு எழுத்தையாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தலையும் வாலும் எதற்கும் சாட்சி ஆகாது. அச்செடுத்த பட்டியலில் பொடி வரவுகளையும் அந்தப் பூஜ்யச் செலவையும் சிவப்பு மையால் கட்டமிட்டு, சஸ்பென்ஸ் என்று எழுதித் தனிப் பக்கத்துக்கு மாற்றினேன். அழிக்கவில்லை. நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும்.

ஒரே தொல்லை, அவன் வாங்கி வைத்திருக்கும் வரி மென்பொருள். பூஜ்யப் பதிவுகளையும் பரிவர்த்தனை என்று எண்ணிக்கொண்டு, அவன் யாருக்கோ கிரிப்டோவை மாற்றிக் கொடுத்ததாகத் தனியே ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறது. அவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும். ஆலைகளில் பெங்களூரா மாங்காய் வந்து இறங்கும் நேரமும் வரித்தாக்கல் நேரமும் என் மேசையில் ஒன்றாகத்தான் வந்து விழும். சீசன் தொடங்குவதற்குள் நீக்கிக் கொண்டுவா, தாண்டினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். சரி மாமா என்றான். இன்னும் வரவில்லை.