திரையில் பார்த்த கம்பளி வெய்ஸ்ட்கோட்டை அச்சு அசலாகத் தைக்க

திரையில் ஒரு கதாபாத்திரம் போட்டு வரும் கம்பளி வெய்ஸ்ட்கோட்டை அப்படியே தைக்க நினைக்கிறவர்கள் முதல் வேலையாகத் துணி தேடக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பட்டனை. படம் முழுவதையும் அளக்க நம்மிடம் இருக்கும் அளவுகோல் அதுதான்.

ஆண்கள் வெய்ஸ்ட்கோட்டில் பெரும்பாலும் வருவது பட்டன் வியாபாரத்தில் '24 லைன்' என்று சொல்லும் அளவு, அதாவது 15 மி.மீ. நடிகர் கேமராவுக்கு நேராக நிற்கிற, பட்டன் வரிசை திரைச் சட்டத்தின் (ஃப்ரேமின்) நடுவில் விழுகிற ஒரு காட்சியை நிறுத்தி எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன் 30 பிக்சல், இரண்டு பட்டன்களின் மையத்துக்கு நடுவே 140 பிக்சல் என்றால் இடைவெளி 70 மி.மீ. கீழ்ப் பாக்கெட்டின் பட்டி, அதாவது பாக்கெட் வாயை மறைத்து நிற்கும் துணிப்பட்டை, 240 பிக்சல் நீளம், 40 பிக்சல் அகலம் என்றால் 12 செ.மீ.க்கு 2 செ.மீ. ஆனால் 30 பிக்சலில் ஒரு பிக்சல் தவறினாலே 3 சதவீதம் போய்விடும், 12 செ.மீ. பாக்கெட்டில் அது கிட்டத்தட்ட 4 மி.மீ. அதனால் ஐந்தாறு காட்சிகளில் அளந்து சராசரி எடுப்பதுதான் சரி. சட்டத்தின் ஓரத்தில் நிற்கும் உடம்பையும், அகன்ற லென்ஸில் நெருக்கமாக எடுத்த காட்சியையும் அளக்க வேண்டாம். அங்கே உருவம் இழுபட்டிருக்கும்.

விளம்பரப் புகைப்படங்களை அப்படியே நம்பிவிட முடியாது. ஒரே உடையில் பல பிரதிகள் தைப்பது படப்பிடிப்பில் வழக்கம். சண்டைக் காட்சிக்கு ஒன்று, நெருக்கக் காட்சிக்கு ஒன்று என்று இருக்கும், பட்டன்கூட மாறியிருக்கும். சில படங்கள் இடம் வலம் புரட்டி அச்சாகியிருக்கும். ஆண்கள் உடையில் இடப்பக்கம் மேலே வந்து மூடும், காஜா இடப்பக்கத்தில் இருக்கும். படத்தில் அது மாறியிருந்தால் முதலில் படத்தையே சந்தேகப்படுங்கள். எந்தக் காட்சியின் வெய்ஸ்ட்கோட் என்று ஒன்றை முடிவு செய்து, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்வது நல்லது.

கிடைத்த அளவுகள் நடிகரின் உடம்புக்கானவை. அவற்றை நம் உடம்பில் அப்படியே போட்டால் நீளம் சரியாக இருக்கும், தோற்றம் தப்பாகிவிடும். கண் பார்ப்பது விகிதத்தை. திரையில் தோளிலிருந்து கீழ் முனைவரை 60 செ.மீ., நமக்கு 55 செ.மீ. என்றால் 70 மி.மீ. பட்டன் இடைவெளி 64 மி.மீ. ஆக வேண்டும். பட்டன்களின் எண்ணிக்கை, பட்டனின் அளவு, பாக்கெட் பட்டியின் அகலம் மூன்றையும் மாற்ற வேண்டாம். பாக்கெட்டின் நீளத்தை மட்டும் முன்பக்கத்தின் அகலத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

நிறத்துக்கு வருவோம். திரையில் தெரிவது துணியின் நிறம் மட்டும் கிடையாது. விளக்கின் நிறமும், பிறகு செய்த வண்ணத் திருத்தமும் அதில் கலந்திருக்கின்றன. 3200 கெல்வின் மஞ்சள் விளக்கில் பழுப்பாகத் தெரிவது வெயிலில் சாம்பலாக இருக்கலாம். அதே காட்சியில் வெள்ளைச் சட்டைக் காலர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள், துணியும் அதே பக்கம்தான் சாய்ந்திருக்கும். துணித் துண்டுகளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்திலும் மஞ்சள் விளக்கிலும் வைத்து ஒப்பிடுவது அவசியம். ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு துணிகள் இன்னொன்றில் பிரிந்து போகும்.

நிறமா நெசவா என்று தேர்வு செய்ய நேர்ந்தால் தயங்காமல் நெசவை எடுங்கள். நிறத்தைச் சாயத்தில் திருத்தலாம், நெசவைத் திருத்த வழியே கிடையாது. மீன்முள் போல் கோடு மாறி மாறிச் சாயும் ஹெரிங்போன் நெசவு என்றால் ஒரு பட்டனின் அகலத்தில் எத்தனை மீன்முள் வரிசை என்று எண்ணுங்கள். 15 மி.மீ.யில் ஒன்றரை வரிசை என்றால் ஒரு வரிசை 10 மி.மீ. கடையில் எளிதாகக் கிடைப்பது வேறு அகலமாக இருக்கலாம், தூரத்திலிருந்து பார்த்தாலும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சதுர மீட்டருக்கு 300 முதல் 350 கிராம் எடை தைக்க வசதியானது. 250க்குக் கீழே போனால் உட்கார்ந்து எழுந்ததும் கசங்கித் தொங்கும், 450ஐத் தாண்டினால் பாக்கெட் பட்டி பலகைபோல் தடித்துவிடும். முழுக் கம்பளிதானா என்று தெரிய ஓரத்து நூலைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு அணைந்து, விரலில் பொடியும் சாம்பலாகும். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. அது ஆவிக்குச் சரியாக வளையாது, கம்பளிச் சாயத்தையும் பிடிக்காது.

மார்பளவு 100 செ.மீ. வரை என்றால் 150 செ.மீ. அகலத் துணியில் 1 மீட்டர் போதும். கட்டம் போட்டதானால் 1.25 மீட்டர். முதுகு பெரும்பாலும் லைனிங் துணியிலேயே வருவதால் லைனிங் 1.5 மீட்டர் வேண்டும்.

வெட்டுவதற்கு முன் துணியைச் சுருக்கியே ஆக வேண்டும். 20 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, நிறைய ஆவி கொடுத்து, ஆறவிட்டு அளந்து பாருங்கள். 19.4 செ.மீ. ஆகியிருந்தால் 3 சதவீதம். 70 செ.மீ. முன்பக்கத்தில் அது 2 செ.மீ.க்கு மேல், ஒரு பாக்கெட் பட்டியின் முழு அகலம். ஈரமான பருத்தி விரிப்பில் கம்பளியைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துத் தளர்வாக மடித்து ஓர் இரவு வைத்து, பிறகு சமதளத்தில் விரித்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் சொந்த எடையிலேயே நீண்டுவிடும். முன்பக்கத்துக்கு விறைப்பு தர உள்ளே வைக்கும் கேன்வாஸையும் பருத்தி நாடாவையும் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். கம்பளி ஒரு கணக்கில் சுருங்க, உள்ளிருப்பது வேறு கணக்கில் சுருங்கினால் முன்பக்கம் கொப்புளம் போட்டதுபோல் எழும்பும். கேன்வாஸுக்குப் பதிலாக இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் ஃப்யூசிங்கில் இந்தத் தொல்லை அதிகம். முடிக் கேன்வாஸை (விலங்கு முடி கலந்து நெய்தது) கையால் தைத்து வைப்பதற்கு இன்னொரு மாலைப்பொழுது கூடுதலாகப் பிடிக்கும், ஆனாலும் அதுவே என் சிபாரிசு. மார்பில் அந்த மெல்லிய வளைவு ஃப்யூசிங்கில் வராது.

சாயம் போடுவதானால் அதையும் இப்போதே முடியுங்கள். தைத்தபின் போட்டால் பாலியஸ்டர் நூல் சாயம் பிடிக்காமல் ஒவ்வொரு தையலும் வெளுப்பாகத் தெரியும். வெதுவெதுப்பான நீரில் தொடங்கி மெல்லச் சூடேற்றுங்கள், கொதிக்க விடாதீர்கள், அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். சூடு, ஈரம், அலசல் மூன்றும் சேர்ந்தால் கம்பளி இழையின் செதில்கள் ஒன்றையொன்று கவ்வி, துணி தடித்துச் சுருங்கிப்போகும்.

காடாத்துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பாருங்கள். மார்பில் மொத்தம் 6 முதல் 8 செ.மீ. தளர்வு போதும். கைக்குழி வாய் பிளந்தால் அந்த உபரியைக் கைக்குழியிலேயே சுருக்கப் பார்க்காமல் டார்ட்டுக்குள் (உடம்பின் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் கூர்முனை மடிப்பு) தள்ளுங்கள். உட்காரும்போது முன்முனை எப்படி விலகுகிறது என்பதையும் பார்த்துவையுங்கள். திரையில் கடைசிப் பட்டன் திறந்தே இருந்தால் அடிப்பகுதியின் சரிவு அதற்கேற்ப வெட்டப்பட்டிருக்கும்.

கம்பளியை வெட்டும்போது முன் ஓரம் பாவு நூலுக்கு, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, நேராக வர வேண்டும். மடிக்காமல் ஒற்றை அடுக்காக விரித்து ஒரு முன்பக்கத்தை வெட்டி, அதையே கவிழ்த்துப் போட்டு, கோட்டுக்குக் கோடு பொருத்தி மற்றதை வெட்டுங்கள். முன் ஓரத்திலும் கைக்குழியிலும் 6 மி.மீ. பருத்தி நாடா கொடுங்கள். கைக்குழி நாடாவை மட்டும் வளைவைவிட 5 மி.மீ. குறைத்துப் பிடித்துத் தைத்தால் அது உடம்போடு ஒட்டி நிற்கும்.

வெய்ஸ்ட்கோட்டில் கண் முதலில் போய் நிற்கும் இடம் பாக்கெட். முழு உழைப்பையும் போட வேண்டிய இடம் அதுதான். பட்டித் துண்டை வெட்டுமுன் பாக்கெட் கோட்டை முன்பக்கத்தில் நூலோட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்ப் பாக்கெட் பக்கத் தையலை நோக்கி ஒன்று ஒன்றரை செ.மீ. ஏறும். பட்டித் துண்டை அதன்மேல் வைத்து, ஹெரிங்போன் வரிசைகள் தொடரும்படி பொருத்தி, அதற்குப் பிறகுதான் ஓரம் வெட்ட வேண்டும். பட்டியைக் கீழ்க் கோட்டிலும், பாக்கெட் பைத் துணியை அதற்கு 1.2 செ.மீ. மேலும் தைக்கவும். மேல் தையல் இரு முனைகளிலும் 3 மி.மீ. உள்ளே தள்ளி முடிய வேண்டும், அப்போதுதான் நிமிர்த்திய பட்டி அதன் முனைகளை மறைக்கும். இரண்டு தையலும் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பின்தையல் அவசியம்.

இனி வெட்டு. இரண்டு தையலுக்கும் நடுவே கத்தரித்து, முனைக்கு 1 செ.மீ. முன்னால் நிறுத்தி, அங்கிருந்து ஒவ்வொரு தையலின் கடைசிப் புள்ளியை நோக்கிச் சாய்வாக வெட்டுங்கள். கத்தரியின் நுனி கடைசித் தையலுக்கு ஒரு நூல் தூரத்தில் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் பட்டியின் மூலையில் ஓட்டை விழும், கம்பளி பிசிறு விட்டு அது நாளுக்கு நாள் பெரிதாகும். பயந்து 3 மி.மீ. முன்பே நிறுத்தினால் துணியைப் புரட்டியதும் மூலையில் ஒரு சுருக்கம் நிற்கும், எத்தனை இஸ்திரி போட்டாலும் போகாது. சுருக்கம் வந்தால் பதறாமல் திரும்பப் புரட்டி, ஒவ்வொரு நூலாக வெட்டிப் பார்க்கவும். பட்டியின் இரு பக்க முனைகளை மெஷினில் அடிக்காமல் உள்ளிருந்து கையால் நுண்ணிய தையலாகப் பிடியுங்கள். திரையில் பட்டி ஓரத்தில் தையல் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் மெஷின் தையல்.

மெஷினுக்கு 90 எண் ஊசி, 2.5 முதல் 3 மி.மீ. தையல் நீளம். முன் ஓரத்தின் உள்பக்கத்தில் வரும் துண்டான உள்பட்டியை வெளித்துணியைவிட 2 மி.மீ. சிறிதாக வெட்டினால் தையல் உள்பக்கம் உருண்டு மறையும். தையல் ஓரத்தில் நான்கு அடுக்குகளையும் ஒரே அகலத்தில் விட்டால் முன் ஓரம் கயிறு வைத்ததுபோல் புடைக்கும். வெளித்துணிக்கு 10 மி.மீ., உள்பட்டிக்கு 6 மி.மீ. என்று படிப்படியாகக் குறைத்து, கேன்வாஸைத் தையலோடு ஒட்ட வெட்டிவிடுங்கள்.

லைனிங் போட்டு, முன் ஓரம், அடி ஓரம், கைக்குழி எல்லாம் முடித்த இரண்டு முன்பக்கங்களையும் முதுகுத் துணிக்கும் முதுகு லைனிங்குக்கும் நடுவே செருகுங்கள். முதுகில் கட்டும் பட்டையை அதற்குமுன் தைத்துவிட வேண்டும், லைனிங்கின் நடு முதுகில் 2 செ.மீ. மடிப்பும் விட வேண்டும். அது இல்லாவிட்டால் குனியும்போது தையல் விடும். பிறகு தோள், கழுத்து, கைக்குழி, பக்கம் எல்லாவற்றையும் சுற்றித் தைத்து, அடியில் 15 செ.மீ. திறப்பு விட்டு, வளைவுகளில் கட் கொடுத்து, அந்தத் திறப்பு வழியாக முழுவதையும் வெளியே புரட்டலாம். திறப்பைக் கையால் மூடிவிடுங்கள்.

இஸ்திரியைக் கம்பளியின்மேல் தேய்த்து இழுக்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும். மேல்பக்கம் என்றால் நடுவில் ஈரத்துணி கட்டாயம். பெட்டியில் இரண்டு புள்ளிச் சூடு போதும். ஆவி கொடுத்தவுடன் வழுவழுப்பான மரக்கட்டையால் அழுத்தி, துணி ஆறும்வரை கையை எடுக்காதீர்கள். மடிப்பு நிலைப்பது சூட்டில் இல்லை, ஆறும்போதுதான். மேல்பக்கம் பளபளத்துவிட்டால் இழை நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். தொடாமல் மேலிருந்து ஆவி காட்டி, மென்மையான பிரஷ்ஷால் தூக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

காஜாவின் நீளம் பட்டனின் விட்டமும் தடிமனும் சேர்ந்தது. 15 மி.மீ. பட்டன், 3 மி.மீ. தடிமன் என்றால் 18 மி.மீ. கையால் போடுவதானால் பட்டு நூல். பட்டன் தைக்கும்போது துணியின் தடிமனுக்கு 3 மி.மீ. நூல் காம்பு விட வேண்டும், இல்லையென்றால் மூடியதும் காஜா வாய் திறந்து இழுபடும்.

திரையில் வரும் உடை பெரும்பாலும் புதிதாக இருப்பதில்லை. பழையதாக்கும் வேலையைக் கதாபாத்திரத்தின் கை எங்கே போகும் என்று யோசித்துத் தொடங்குங்கள். பாக்கெட் வாய், கடைசி இரண்டு பட்டன்களைச் சுற்றி, முன்முனை. 220 எண் உப்புத்தாளால் அங்கே மட்டும் லேசாகத் தேயுங்கள். பட்டியின் மடிப்பு விளிம்பில் நாலைந்து தடவைக்குமேல் வேண்டாம், பாவு நூல் அறுந்துவிடும். பாக்கெட் சரிந்து தொங்க வேண்டுமானால் அதில் கூழாங்கற்களைப் போட்டு, அந்த இடத்தை மட்டும் நன்றாக ஈரமாக்கி, அகலத் தோள் கொண்ட ஹேங்கரில் மாட்டி இரண்டு நாள் விடுங்கள். முற்றும் காய்ந்தபின்தான் கற்களை எடுக்க வேண்டும். லேசான ஈரத்தோடு எடுத்தால் பாக்கெட் பழையபடி மேலே ஏறிக்கொள்ளும்.