மருந்துக் குப்பியும் மீன் தொட்டியும்: பழவேற்காட்டு உப்பை அளந்த கதை

தடாவில் எங்கள் வீட்டிலிருந்து வண்டியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் பழவேற்காடு ஏரி. ஏரியின் பெரும்பகுதி எங்கள் ஆந்திரப் பக்கம், ஊர்ப் பெயரைத் தாங்கிய முகத்துவாரம் தமிழ்நாட்டுப் பக்கம். மழை முடிந்த கையோடு வாயில் வைத்துப் பார்த்தால் லேசாகத்தான் கரிக்கும். சித்திரை வெயிலில் அதே தண்ணீர் கடலையே தோற்கடிக்கும். சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம்தான். அதை எண்ணில் பார்த்துவிட வேண்டும் என்று போன நவம்பரில் தோன்றியது.

முதலில் ஸ்ட்ராவின் அடியில் களிமண் உருண்டை ஒட்டி மிதக்கவிட்டேன். நல்ல தண்ணீரில் 15 செ.மீ. மூழ்கியது, கடல்நீரில் அதைவிட 4 மி.மீ. மேலே நின்றது. அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல தண்ணீர் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1000 கிலோ, கடல்நீர் 1025 கிலோ. இரண்டரை சதவீத வித்தியாசத்தை ஸ்ட்ராவில் படிக்கப் பார்த்தால் கண்தான் வலிக்கும்.

அப்புறம்தான் குப்பி யோசனை வந்தது. மூழ்கும் உடம்பு பெரிதாகவும் கழுத்து ஒல்லியாகவும் இருந்தால், அதே வித்தியாசம் கழுத்தில் நீண்டு தெரியும். ஊசி மருந்து வரும் 10 மி.லி. கண்ணாடிக் குப்பி, உள்ளே வலையில் கட்டும் ஈயக் குண்டு இரண்டு, ரப்பர் மூடியில் துளை போட்டுச் செருகிய காலி பால்பென் ரீபிள். ரீபிளின் தலையை மெழுகால் அடைத்தேன். குப்பி இடம்பெயர்க்கும் தண்ணீர் 15 மி.லி., ரீபிளின் தடிமன் 3 மி.மீ. கணக்குப்படி நல்ல தண்ணீருக்கும் கடல்நீருக்கும் நடுவே ஐந்தரை செ.மீ. ஏற வேண்டும், ஏறக்குறைய ஏறியது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கூடினால் ஒன்றரை மி.மீ. இதைப் படிக்க என் கண்ணாடியே போதும்.

அளவு குறிக்கும்போது முதல் சறுக்கல். சுழியத்துக்கு எங்கள் வீட்டு போர் தண்ணீரை எடுத்தேன். கடலோர போர் தண்ணீரை நல்ல தண்ணீர் என்று நம்பியது என் தப்பு. கேன் தண்ணீரில் போட்டதும் குப்பி 2 மி.மீ. கீழே போனது. எல்லாக் கோட்டையும் அழித்து மறுபடி போட்டேன்.

இரண்டாவது சறுக்கலைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் பிடித்தது. பி.வி.பாளையம் படகுத்துறையில் எடுத்த ஒரே பாட்டில் தண்ணீர், காலையில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு காட்டியது, வெயிலில் வைத்திருந்து மத்தியானம் பார்த்தால் 7. உப்பு எங்கேயும் ஓடிவிடாது. சூடான தண்ணீர் விரிந்து லேசாகிறது, குப்பி கூடுதலாக மூழ்குகிறது, உப்பு குறைந்ததுபோல் காட்டுகிறது. நம் ஊர்ச் சூட்டில் 28 டிகிரியிலிருந்து 33க்குப் போனால் அடர்த்தி கன மீட்டருக்கு ஒன்றரை கிலோ குறையும். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கூடினால் ஏறுவது முக்கால் கிலோ. அதாவது ஐந்து டிகிரிக்கு இரண்டு கிராம் உப்பு சமம். அன்றிலிருந்து மீன் தொட்டித் தெர்மாமீட்டரும் கூடவே வருகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. துருவக் கடலில் 0 டிகிரியிலிருந்து 5க்குப் போனாலும் அடர்த்தி அரை கிலோகூடக் குறையாது. அங்கே எந்தத் தண்ணீர் மேலே, எது கீழே என்று முடிவு செய்வதில் உப்புக்குத்தான் பெரிய கை.

டிசம்பர் நடுவில் பழவேற்காட்டில் படகு பேசி முகத்துவாரம் வரை போனேன். அடித்தண்ணீர் எடுக்க ஒரு ஏற்பாடு: குவார்ட்டர் பாட்டிலின் அடிப்பாகத்தில் ஈயம் கட்டி, ரப்பர் கார்க்கு அடைத்து, கார்க்குக்குத் தனிக் கயிறு. அடியில் போனதும் கார்க்குக் கயிற்றைச் சுண்ட வேண்டும், குமிழி வருவது நின்றால் பாட்டில் நிறைந்துவிட்டது. படகுக்கார அண்ணன் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வெறும் பாட்டிலைப் போட்டு மீன் புடிக்கிறீங்களா?" என்றார். கடல் ஏறிக்கொண்டிருந்த நேரம். மேல்தண்ணீர் 11, இரண்டு மீட்டர் ஆழத்தில் 24. அவரிடம் சொன்னேன். "இதுக்கு பாட்டில் வேணுமா? மேல ஒரு தண்ணி ஓடும், அடியில ஒரு தண்ணி ஓடும். வலையப் போட்டா அதுவே சொல்லும்ல" என்றார்.

அன்றைக்கே கடற்கரையில் எடுத்த கடல்நீர் 27தான் காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்து உப்புக் கரைசலில் சோதித்தேன், சரியாக இருந்தது. விஷயம் வேறு. தென்மேற்குப் பருவமழை முடிந்தபின் கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் கொட்டிய நல்ல தண்ணீரை, கரையை ஒட்டித் தெற்கே ஓடும் நீரோட்டம் இங்கே வரை இழுத்துவருகிறது. பிப்ரவரி முதல் மே வரை அதே நீரோட்டம் திரும்பி வடக்கே ஓடும். டிசம்பரில் நம் கரையில் கால் நனைத்தால் அதில் கோதாவரியும் கொஞ்சம் கலந்திருக்கிறது. மே மாதம் அதே இடத்தில் எடுத்தது 34.

ஜனவரியில் தொட்டி வேலை. இரண்டு அடி நீள மீன் தொட்டி, நடுவில் அக்ரிலிக் தடுப்பு. ஒரு பக்கம் கேன் தண்ணீர், மறுபக்கம் லிட்டருக்கு 35 கிராம் உப்பு போட்டு நீலச் சாயம் கலந்த தண்ணீர், இரண்டும் 15 செ.மீ. உயரம். அரைக் கிலோ உப்பு போனதில் வீட்டில் பேச்சு வாங்கினேன். தடுப்பின் ஓரம் ஒழுகியே மூன்று முறை கெட்டது. கடைசியில் சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டி ஒட்டி, மேலே வாசலின் தடவியதும் நின்றது. தடுப்பை உருவியதும் நீலம் தரையோடு நாக்கு நீட்டிக்கொண்டு ஓடியது. அதன் தலை கொஞ்சம் உப்பி, பின்னால் சுருள் சுருளாகக் கிளம்பியது. நல்ல தண்ணீர் அதற்கு எதிர்த்திசையில் மேலே வழுக்கிக்கொண்டு வந்தது. மகள் செல்போனில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, நீலம் எதிர்ச் சுவரைத் தொட மூன்றரை நொடி என்றாள். கணக்கு மூன்று நொடி சொல்கிறது. உராய்வுக்கு அரை நொடி கொடுத்துவிடலாம்.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. இத்தாலியரான மார்சிலி, கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இருந்தபோது, கருங்கடலை மத்தியதரைக் கடல் பக்கம் இணைக்கும் பாஸ்பரஸ் நீரிணையில் மேலே ஒரு நீரோட்டமும் அடியில் எதிர் நீரோட்டமும் ஓடுவதைக் கவனித்தார். அடியில் ஓடுவது பற்றி அவருக்குச் சொன்னவர்களில் அந்த ஊர் மீனவர்களும் உண்டு. நடுத்தடுப்பில் மேலும் கீழும் துளை போட்ட பெட்டியில் இரண்டு தண்ணீரையும் ஊற்றி அதைச் செய்து காட்டி, 1681ல் அச்சிலும் போட்டார். ஆறுகள் வந்து சேரும் கருங்கடல் நீர் லேசு, அது மேலே வெளியேறுகிறது. மத்தியதரைக் கடலின் கனமான நீர் அடியில் உள்ளே போகிறது. நம் டிசம்பர் முகத்துவாரமும் அச்சு அசல் இதேதான்.

கலைக்க மனமில்லாமல் இரண்டடுக்காக நின்ற தொட்டிக்கு மேல் மேசை விசிறியை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். மேல்தண்ணீர் அலைந்தது, நீலம் அசையவே இல்லை. வங்கக் கடலிலும் மழைக்குப்பின் மேலே படரும் நல்ல தண்ணீர் இப்படித்தான் மூடிபோல் நிற்கிறது. சாதாரணமாகப் புயல் தன் காற்றால் கடலைக் கலக்கி, அடியிலிருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்து, தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும். இங்கே அந்த மூடி கலக்கவிடாது, சூடு மேலேயே தங்கிவிடும்.

மே மாதம் வந்தது. நான் காத்திருந்ததே இதற்குத்தான். கோடையில் ஏரி கடலைவிட உப்பு. அப்படியானால் ஓட்டம் தலைகீழாக வேண்டும்: கடல்நீர் மேலாக உள்ளே, ஏரி நீர் அடியாக வெளியே. அட்லாண்டிக்கும் மத்தியதரைக் கடலும் சேரும் ஜிப்ரால்டர் நீரிணையில் நடப்பது இதுதான். மத்தியதரைக் கடலில் ஆவியாகிப் போவது, வந்து சேர்வதைவிட அதிகம். அதனால் அட்லாண்டிக் நீர் மேலே நுழைகிறது, உப்பேறிய நீர் அடியில் வெளியே வழிகிறது. டிசம்பரில் கருங்கடலாக இருக்கும் ஏரி மே மாதத்தில் மத்தியதரைக் கடலாகிறது என்று நோட்டில் பெரிதாக எழுதியும் வைத்துவிட்டேன்.

போய்ப் பார்த்தால் முகத்துவாரமே இல்லை. மணல் அடைத்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் செருப்பு நனையாமல் நடந்து போகலாம். அதே அண்ணன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். "பாட்டில் எங்க தம்பி?" என்றார்.

விடவில்லை. இருபது லிட்டர் கேன் இரண்டு. ஒன்றில் மணல்திட்டுக்கு வெளியே எடுத்த கடல்நீர், 34. இன்னொன்றில் பி.வி.பாளையத்தில் எடுத்த ஏரி நீர், குப்பி 46 காட்டியது, அதற்காக அளவுகோலை 50 வரை நீட்ட வேண்டியிருந்தது. இரண்டு கேனையும் ஒரு ராத்திரி ஒரே அறையில் வைத்து, சூடு ஒன்றானபின் தொட்டியில் ஊற்றினேன். ஏரி நீருக்கு நீலம். அது ஏற்கெனவே கலங்கல், நீலம் போட்டதும் சாக்கடைப் பச்சையாகிவிட்டது.

மகள் தடுப்பை உருவினாள். பச்சை மெல்ல அடியில் இறங்கி, கடல்நீருக்குக் கீழே ஊர்ந்து போனது. ஆறு நொடி. ஒரு இறால் குஞ்சும் அதோடு போனது, கேனில் எப்படி வந்ததோ தெரியவில்லை. மறுநாள் அதை ஏரியில் விட்டுவிட்டு வந்தேன்.