“தெருநாய் ஒன்று குறுக்கே ஓடுகிறது”

சித்திரக்கதைக்கு எழுதிய பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் செலவுக் கணக்குப் பார்த்ததில்லை. “அடைமழையில் கோட்டை மதில் சரிகிறது” என்று எழுதினாலும், “அவன் தேநீர் குடிக்கிறான்” என்று எழுதினாலும் ஓவியருக்கு அது ஒரு கட்டம்தான். மதிலுக்குக் கொஞ்சம் கூடுதலாக முணுமுணுப்பார், அவ்வளவே. 1972-இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்களைத் தேடித்தேடிப் படித்து வளர்ந்த எனக்கு, அந்தத் தாராளம் பழகிப்போயிருந்தது.

விகடனில் கேலிச்சித்திரம் வரைந்த சிம்புதேவன் 2006-இல் ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’யை இயக்கியதைச் சொல்லித்தான், சேமிப்பைப் போட்டு நானே ஒரு படம் இயக்க வீட்டில் சம்மதம் வாங்கினேன். அந்தப் படத்தைத் தயாரித்தவர் இயக்குநர் ஷங்கர் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

முழுப் படத்தையும் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டுதான் படப்பிடிப்புக்குப் போனேன். முதல் நாள் காலையிலேயே ஒளிப்பதிவாளர் ஒரு தாளைக் காட்டி, “இதில் கதவைத் திறக்கிறார், அடுத்ததில் நாற்காலியில் இருக்கிறார், நடுவில் என்ன செய்கிறார் சார்?” என்று கேட்டார். இரண்டு கட்டங்களுக்கு நடுவேயுள்ள வெள்ளை இடத்தை வாசகரே நிரப்பிக்கொள்வார் என்ற நம்பிக்கையில் எழுதிப் பழகியவன் நான். இங்கோ நடிகர் ஏழு அடி நடந்தாக வேண்டும், அந்த நடையிலும் அவர் யாரென்று தெரிய வேண்டும். அந்த ஏழு அடிக்கே மதியமாகிவிட்டது.

உண்மையான அடி சென்சாரில் விழுந்தது. நாயகன் புகைக்கும் காட்சிக்கு எச்சரிக்கை வரியும், தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் காட்டவேண்டிய விழிப்புணர்வுப் படமும் சேர்த்ததோடு வேலை முடிந்தது. ஆனால் கதையில் “தெருநாய் ஒன்று குறுக்கே ஓடுகிறது” என்று நான் எழுதிய வரியை, தேநீர்க்கடை அக்கா ஒரு பிஸ்கட்டை வீசி ஒரே டேக்கில் நிறைவேற்றித் தந்திருந்தார். விலங்குகளைப் படமெடுக்க 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்திடம் முன்அனுமதி பெற வேண்டும் என்பதும், எடுத்து முடித்த பிறகு விண்ணப்பித்துப் பயனில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தன. விசாரிக்காதது முழுக்க என் தவறு. பதினோரு வினாடிகளை வெட்டியதும் அடுத்த காட்சி பொருந்தாமல் போனதால், எடிட்டரும் நானும் இரண்டு வாரம் அந்த ரீலோடு மல்லுக்கட்டினோம். கடைசியில், பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்னும் யுஏ 13+ சான்றிதழ் கிடைத்தது.

நாய் இப்போது படத்தில் இல்லை. ஒலிக்கோப்புத் தொகுப்பொன்றிலிருந்து வாங்கிய குரைப்பு மட்டும் திரைக்கு வெளியிலிருந்து கேட்கிறது. நாயகன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். சித்திரக்கதையாக இருந்திருந்தால் அங்கே ‘லொள்’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பேன்.